ஓஹையோ ஹெலன் இறந்த விதம்

வழி கேட்டவரிடம் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. தொண்ணூற்றெட்டாம் வருடம் மே மாதம், காஞ்சிரங்குளத்திலிருந்து ஒரு கல்யாண வேன் வந்து பனச்சமூடு சந்திப்பில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி ஒரு தேவாலயத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள். வேனுக்குள் மணப்பெண் வேறு வியர்த்துக்கொண்டிருந்தாள். "நேரே போய் எடது" என்று சொன்னேன். உறுதியாகவே சொன்னேன். நேரே போனால் இடதுபக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்தின் கடைசியில் ஷீட்டை உலர்த்தும் புகைப்புரை. அதற்கப்பால் பாதை இல்லை, வேனைத் திருப்ப இடமும் இல்லை. பெண்ணை இறக்கிப் புகைப்புரைக்குள் உட்காரவைத்துவிட்டு, பதினெட்டுப் பேர் சேர்ந்து வேனைப் பின்னால் தள்ளினார்களாம். ரப்பர் ஷீட் வாசனையோடுதான் அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வாசகசாலையின் செயலாளர் சதாசிவன் அண்ணன், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு, மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டவேண்டும் என்றார். எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்டேன். "உனக்க புத்தி எங்க கெட ஆரம்பிச்சுதோ அங்கேயிருந்து" என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்த வேனிலிருந்துதான் என்று படுகிறது.

என் பெயர் ரெத்தினதாஸ். ரோட்டின் ஒரு பக்கம் கேரளமும் மறுபக்கம் தமிழ்நாடுமாக இருக்கும் பனச்சமூட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். வயது நாற்பத்துமூன்று, கல்யாணம் ஆகவில்லை. தொண்ணூற்றொன்பது பிறந்ததும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மோடமும் வாங்கினேன். மோடம் திருவனந்தபுரத்தைக் கூப்பிடும்போது கழுத்தைப் பிடித்த சேவலைப் போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஆட்கள் வந்து நிற்பார்கள்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது. இணையத்தில் கடை போடுவதற்கானது. பொருளின் படம், விலை, எடை, கீழே 'வாங்கு' என்று ஒரு பொத்தான். அமெரிக்காவில் இருப்பவன் அதை அமுக்கினால் பனச்சமூட்டுக்கு மடல் வரும். வாசலில் போர்டு எழுதி வைத்தேன்: உலகம் முழுக்கக் கடை போடலாம், மூன்று மாதத்தில் கற்றுத்தரப்படும். எனக்கு அது தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்று பேர் சேர்ந்தார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் போடும் புஷ்பபாய். ஆட்டோ ஓட்டும் கனகதாஸ். விமலகுமாரி டீச்சர்.

டீச்சர் வெள்ளறடையில் ஒரு டுடோரியல் கல்லூரியில் பத்து வருடம் ஆங்கில இலக்கணம் நடத்தியவர். கல்லூரியை மூடிவிட்டார்கள். அம்மாவும் போய்விட்ட வீட்டில் தனியாக இருந்துகொண்டு, இனிப்பு அச்சுமுறுக்கான அச்சப்பம் சுட்டு பேக்கரிகளுக்குக் கொடுத்துவந்தார். முப்பத்தொன்பது வயது. ஒரு சொல்லைத் தப்பாக டைப் அடித்துவிட்டால் அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு முகம் வரும். அந்த முகத்தைப் பற்றி மினிட்ஸ் புத்தகத்தில் இதற்குமேல் எழுதுவது முறையில்லை.

மூவரும் முதல் மாதம் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். புஷ்பபாய்க்கு விலை எழுதும் கட்டமே பிடிக்கவில்லை.

"வெல பேசுகதுக்கு எடம் எங்க சாரே?"

"இதுல விலை பேச முடியாது அக்கா. போட்ட விலைதான்."

"பேசாம கொள்ளாம வாங்கிட்டுப் போறவனுக்கு சிப்ஸு தின்னா செரிக்குமா?"

கனகதாஸ் விற்க விரும்பியது ஆட்டோ சவாரி. பனச்சமூடு முதல் வெள்ளறடை வரை, ஒரு சவாரி. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சாஃப்ட்வேர் எடை கேட்டது.

"டிரைவரையும் சேத்தா, சேக்காமலா?" என்று கேட்டான்.

ஒருவழியாக எல்லாவற்றையும் எழுதி ஏற்றினால், திரையில் ஐந்நூறு என்று ஒரு பிழை எண் மட்டும் வந்து நிற்கும். இது ஐந்நூறு ரூபாய் அபராதம் என்றும், கேரளப் பக்கம் கட்டவேண்டுமா தமிழ்நாட்டுப் பக்கம் கட்டவேண்டுமா என்பதுதான் சிக்கல் என்றும் கனகதாஸ் நம்பினான். அது என்ன பிழை என்று எனக்கும் தெரியாது. என்னையும் சேர்த்து வகுப்பில் கற்றுக்குட்டிகள் நாலு பேர்.

அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு மடல் குழு இருந்தது. உலகம் முழுவதிலும் உள்ள புதியவர்கள் அதில் கேள்வி எழுதுவார்கள், தெரிந்தவர்கள் இலவசமாகப் பதில் சொல்வார்கள். டீச்சரை எழுதச் சொன்னேன். அருமையாக எழுதினார். மதிப்புக்குரிய நண்பர்களே, நலம், நலமறிய ஆவல், இங்கே நல்ல மழை, அங்கே எப்படி என்று தொடங்கி, தங்கள் மூவரையும் அறிமுகம் செய்துவிட்டு, நாலாவது பத்தியில்தான் ஐந்நூறைப் பற்றிக் கேட்டார். மறுநாள் ஒரே ஒரு பதில் வந்தது. 'கையேட்டைப் படி.' அவ்வளவுதான். நலமா என்றுகூட இல்லை.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். "நான் ஏதும் தப்பா எழுதிட்டேனா சாரே?" என்று கேட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்தவரை உட்காரச் சொல்லாமல் அனுப்பியதுபோல இருந்தது எனக்கு. மறுநாள் காலை இன்ஸ்டிடியூட்டைத் திறந்ததும், இலவச மடல் கணக்கு ஒன்றை உண்டாக்கி ஹெலன் என்று பெயர் வைத்தேன். வயது அறுபத்தொன்று. ஊர் ஓஹையோ. கணவர் இல்லை, ஒரு மகன், ஒரு பூனை, மெழுகுவர்த்தி விற்கும் இணையக் கடை. அன்புள்ள விமலகுமாரி, இங்கேயும் மழைதான் என்று எழுதினேன். அதற்குமுன் கையேட்டை இரண்டு மணி நேரம் படித்திருந்தேன் என்பதையும் பதிவு செய்யவேண்டும். பிழை என்னவென்றால், ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. ஹெலன் அதைச் சொன்னாள். அரைப்புள்ளியை வைத்தோம். கடை திறந்தது. புஷ்பபாய் திரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

இதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஹெலன் நன்றாகப் பேசினாள். விலையின் பக்கத்தில் 'பேசித் தீர்க்கலாம்' என்று ஒரு வரி சேர்க்கும்படி புஷ்பபாய்க்குச் சொன்னாள். எடை டிரைவர் இல்லாமல் என்று கனகதாஸுக்குச் சொன்னாள். "பாத்தியா, வெவரமுள்ள மனுஷி" என்றான் அவன். ஓஹையோவில் கடல் இல்லை என்று அட்லஸில் பார்த்த நாளிலிருந்து ஹெலன் மீன் வாங்குவதை நிறுத்திக்கொண்டாள். பனச்சமூட்டில் மழை பெய்த நாளிலெல்லாம் அங்கேயும் மழை பெய்தது. "அங்கேயும் எடவப்பாதி உண்டாக்கும்" என்று நம் தென்மேற்குப் பருவமழையைச் சொல்லி டீச்சர் வியந்தார். ஹெலனின் ஆங்கிலத்தில் எனக்கே உரிய பிழைகள் இருந்தன. அந்தப் பிழைகளை டீச்சர் கவனித்துவிட்டார். "பாவம், அவிய ஊரு பாஷை, அவியளுக்கே நம்மள மாதிரி தப்புது" என்று சொல்லி, அதன் பிறகு அவளிடம் இன்னும் நெருங்கிவிட்டார்.

மூன்று மாதம் முடியும்போது ஒரு சங்கடம் வந்தது. அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி வகுப்புக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. ஹெலனுக்கும் வேலை இல்லை. ஒரு சாயங்காலம் டீச்சர் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்து, "நாளையிலிருந்து வாரத்துக்கு ஒருக்க வந்தா போதுமே சாரே" என்றார். பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடையின் உள்ளே போய், ஒரே ஓர் அரைப்புள்ளியை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் ஒன்றை எடுப்பேன். சாயங்காலம் நாலு மணிக்கு மூவரும் வந்து ஐந்நூறைப் பார்த்துத் திகைப்பார்கள். ஹெலனுக்கு மடல் போகும். மறுநாள் பதில் வரும், கடை திறக்கும், எல்லாரும் தேநீர் குடிப்போம். அதற்கடுத்த நாள் காலை வேறோர் இடத்தில் ஒன்றை எடுப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கடை திறந்துதான் இருந்தது. ஆண்டவனும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தார், நான் கடைக்கு வாரத்துக்கு மூன்று நாள் ஓய்வு கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஓணம் கழிந்தபின் டீச்சர் ஹெலனுக்குத் தனியாக ஒரு மடல் எழுதினார். அதை நான் படித்தேன். ஹெலன் படிக்கவேண்டும் என்றால் நான் படிக்காமல் முடியாது. வடக்கே பிலாயில் இருக்கும் அண்ணன் கூப்பிடுகிறார், அங்கே போனால் அவர் வீட்டுச் சமையலறைதான், எனக்குப் போக மனமில்லை, கிறிஸ்மஸுக்குள் என் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தால் இங்கேயே இருப்பேன், ஒன்றே ஒன்று போதும், அது என் மனதுக்காக என்று எழுதியிருந்தார். கூடவே, 'எங்கள் சார் நல்லவர், ஆனால் எதையும் நேராகப் பேசத் தெரியாது' என்று ஒரு வரி. ஹெலன் அந்த வரிக்கு மட்டும் மூன்று பத்தி பதில் எழுதினாள். அப்படிப்பட்ட ஆண்களின் மனது ஆழமானது என்றாள்.

இந்த இடத்தில், எழுதியவரை வாங்கிப் படித்துக்கொண்டிருந்த சதாசிவன் அண்ணன் குறுக்கிட்டார். "எலே, போகாதீங்க, எனக்குப் பிடிச்சிருக்குன்னு அவகிட்ட நேராச் சொல்ல உனக்கு வாயில்லியா?"

நியாயமான கேள்வி. நியாயமாகவே பதில் சொன்னேன். கேட்டால் இல்லை என்று சொல்ல டீச்சருக்குச் சங்கடமாக இருக்கும். மனசு நொந்துபோகும். அந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு பாடும்.

ஹெலனே ஓர் ஆர்டர் கொடுத்திருக்கலாமே என்றும் கேட்டார். அது எனக்கும் தோன்றியது. ஆனால் ஹெலனுக்குச் சர்க்கரை வியாதி என்று ஏப்ரலிலேயே எழுதிவிட்டிருந்தேன். அச்சப்பம் ஆகாது. ஒரு பாத்திரத்தை உண்டாக்கினால் அதற்கு நேர்மையாக இருக்கவேண்டும்.

டிசம்பர் முதல் வாரம் டீச்சர் ஹெலனிடம் கேட்டார். 'ஹெலன், நீ கடை நடத்தியவள். உண்மையைச் சொல். என் கடை நடக்குமா? நான் இருக்கட்டுமா, போகட்டுமா?'

இருநூறு மடல் எழுதியவன் நான். இதற்கு ஒரு வரி வரவில்லை. இரு என்றால், எதை நம்பி என்று கேட்பார். போ என்றால் போய்விடுவார். மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஹெலனைக் கொன்றேன். மாரடைப்பு. வலி தெரியாமல் போனாள், பூனை பக்கத்தில் இருந்தது. மகன் ராபர்ட் எழுதுவதாக மடல் எழுதினேன். ராபர்ட்டின் ஆங்கிலத்தில் பிழையே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். படித்த பையன்.

அத்தோடு முடியும் என்று நினைத்தேன். எங்கள் ஊரை நான் மறந்துவிட்டேன். பனச்சமூட்டில் ஒருவர் இறந்தால் சந்திப்பில் கருப்புக்கொடி கட்டவேண்டும், நோட்டீஸ் ஒட்டவேண்டும், எல்லாக் கட்சியும் சேர்ந்து இரங்கல் கூட்டம் போடவேண்டும். இறந்தவர் ஊர்க்காரராக இருக்கவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"நம்ம ஆளுகளுக்கு ஒரு சல்லிக்காசு வாங்காம பாடம் சொல்லிக்குடுத்த மனுஷியாக்கும். அவியள சும்மா விட்டா ஊருக்குக் கொறச்சில்" என்றார் சதாசிவன் அண்ணன்.

கனகதாஸ் ஆட்டோவில் கருப்புத் துணி கட்டினான். நோட்டீஸுக்குப் படம் வேண்டும் என்றார்கள். என்னிடம் இல்லை. புஷ்பபாய் வீட்டில் ஒரு வெளிநாட்டு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் படம். அதை ஃபோட்டோஸ்டாட் எடுத்து, 'ஹெலன் டீச்சர், ஓஹையோ' என்று போட்டு, வெள்ளறடை வரை ஒட்டினார்கள். ரோட்டின் கேரளப் பக்கத்துக் கடைகள் ஒரு மணி நேரம் அடைத்தன. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு மளிகைக்காரர் மட்டும் அடைக்கவில்லை. "அவிய எந்த ஸ்டேட்டு கணக்குல வாறாவ, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

கூட்டத்துக்கு நூற்றிருபது பேர் வந்தார்கள். ஒரு கட்சிக்காரர், அமெரிக்க ஏகாதிபத்தியத்தை நாங்கள் உறுதியாக எதிர்க்கிறோம், ஆனால் ஹெலன் டீச்சருக்கு அதில் பங்கில்லை என்று விடுவித்தார். இன்னொருவர் ஹெலனை நேரில் பார்த்ததுபோலவே பேசினார், கேட்க நன்றாக இருந்தது. கடைசியில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசும்போது அழுதுவிட்டேன். நடிக்கவில்லை. பத்து மாதம் பழகியவள்.

டீச்சர் பேசவில்லை. முன்வரிசையில் ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெலனின் மடல் ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு, நூலால் கோத்திருந்தார். கூட்டம் முடிந்து நாற்காலிகளை எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த வாரமே பிலாய்க்கு டிக்கெட் எடுத்தார்.

இங்கே முடித்திருந்தால், யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு பொய்யன் என்று நீங்கள் என்னை விட்டிருப்பீர்கள். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி மத்தியானம், கடைசியாகச் சேர்ந்து தேநீர் குடிக்க மூவரும் வந்திருந்தார்கள். அப்போது ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். பத்ரோஸ், காஞ்சிரங்குளத்துக்காரர், ஷார்ஜாவில் ஒரு லேபர் கேம்பில் சமையல்காரர், கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்திருக்கிறார்.

"அச்சப்பம் விக்குத டீச்சர் ஆரு இங்க?"

"நாந்தான்" என்றார் விமலகுமாரி டீச்சர்.

"நல்ல டீச்சர். அறுவது பாக்கெட்டு வேணும்னு நவம்பர்ல ஆர்டர் போட்டேன். ஊரு விலாசத்தப் பாத்ததும் அவ்வளவு சந்தோசம் எனக்கு. ஸ்டாக் இல்லேன்னு ஒத்த வரியில எழுதி விட்டியளே. கேம்புல முப்பது பேரு காத்துக் கெடந்தானுவ."

டீச்சர் காகிதத்தை வாங்கினார். அதன் கீழே அவருடைய பெயர்தான் இருந்தது. கடையின் மடல்பெட்டியைக் காலையில் திறப்பது யார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

ஆம். அந்த ஆர்டர் நவம்பர் பதினோராம் தேதி வந்தது. அதை நான்தான் படித்தேன், ஸ்டாக் இல்லை என்று நான்தான் பதில் எழுதினேன், இரண்டையும் நான்தான் அழித்தேன். ஒன்றே ஒன்று போதும் என்று டீச்சர் எழுதியது நினைவில் இருந்தது. நினைவில் இருந்துகொண்டேதான் செய்தேன். என் கணக்கு இதுதான்: ஆர்டர் வந்தால் அறுபது பாக்கெட் சுடவேண்டும். பிறகு இன்னும் அறுபது. வகுப்புக்கு வர நேரம் இருக்காது. ஹெலனோடு பேச நேரம் இருக்காது. ஊரில் இருப்பார், எனக்கு இருக்கமாட்டார். கிறிஸ்மஸ் வரைக்கும் ஆறு வாரம் இருந்தது. ஆறு வாரம் தினமும் நாலு மணிக்கு வருவார். அதற்குள் வேறு ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை.

செய்தது நான்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். கனகதாஸ்தான் மெதுவாகக் கேட்டான்.

"எனக்க ஆட்டோவுக்கும் ஆர்டர் வந்துதா சாரே?"

"இல்லை" என்றேன். அது உண்மை. அவனுக்குத்தான் அன்று அதிகம் வலித்திருக்கும்.

அப்புறம் ஹெலனைப் பற்றியும் சொன்னேன். புஷ்பபாய் தலையில் கை வைத்து உட்கார்ந்து, "எனக்க பிஸ்கட் டப்பா" என்று மட்டும் சொன்னார். டீச்சர் ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பத்ரோஸ் என்னைப் பார்த்து, "இது எந்த மாதிரி கடை மக்கா?" என்று கேட்டார்.

இருபத்தெட்டாம் தேதி, பாறசாலை ரயில்வே ஸ்டேஷன். அங்கிருந்து திருவனந்தபுரம் பாசஞ்சர், பிறகு பெரிய ரயில். கனகதாஸ் டீச்சரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். என்னைப் பார்த்ததும் ஆட்டோவுக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். கருப்புத் துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.

நான் டீச்சரின் பெட்டியைத் தூக்கப் போனேன். அவரே எடுத்துக்கொண்டார். பிளாட்பாரத்தில் ஒரே ஒரு பெஞ்ச். அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். நடுவில் ஒரு பலாக்காய் வியாபாரி சாக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக் குடுத்தாச்சா சதாசிவன் அண்ணனுக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"உள்ளத உள்ளபடி எழுதணும்."

"எழுதுவேன் டீச்சரே."

"ஹெலனுக்க பூனைக்கு என்ன பேரு வச்சிருந்திய? கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்."

"பேரு வைக்கல."

தலையை ஆட்டினார். சிரிப்பு வந்து போனதுபோல இருந்தது. சாக்குக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரயில் வரும் சத்தம் கேட்டது. பத்து மாதம் வேறொரு பெயருக்குள் ஒளிந்துகொண்டு கேட்காமல் விட்டதை அப்போது கேட்டேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"டீச்சரே, ஹெலன் கிலன்னு ஒண்ணும் இல்லாம, போகாதீங்க, இருங்கன்னு நானே ஒங்ககிட்ட கேட்டிருந்தா?"

சாக்குக்காரர் எழுந்து ஒதுங்கிக்கொண்டார். டீச்சர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இருந்திருப்பேன். இப்போ மாட்டேன்."